கோமதிநாயகம் விடுப்பில் போனார்

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் நெஞ்சகப் பிரிவில் கோமதிநாயகம் முப்பத்தொரு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருந்தார். இதய ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை வலிக்காமல் இருமவைப்பதும், மூச்சை இழுக்கவைப்பதும், நாலு அடி நடக்கவைப்பதும் அவர் வேலை.

படிப்பு முடித்து ஆறு மாதப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அங்கே வார்டு வார்டாக மாறுவார்கள். கடைசி மாதம் கோமதிநாயகத்திடம் வந்து சேர்பவர்களில் பாதிப் பேருக்கு, இனி இதுதான் என் வேலை என்று தோன்றிவிடும். நிஸ்ரினுக்கும் அப்படித்தான் தோன்றியது.

நிஸ்ரின் காயல்பட்டினத்துப் பெண். கோமதிநாயகத்தின் வார்டில் முதல் நாள் அவள் ஒரு நோயாளியின் முதுகைத் தட்டிச் சளியை இளக்கிக்கொண்டிருந்தாள். கை தட்டையாக விழுந்து பளார் பளாரென்று சத்தம் வந்தது. கோமதிநாயகம் பக்கத்தில் வந்து நின்றார். எதுவும் சொல்லவில்லை. தன் உள்ளங்கையைக் குழித்து அதே முதுகில் நாலு தட்டுத் தட்டினார். குடத்தின் வாயைத் தட்டினதுபோல வேறொரு சத்தம். நிஸ்ரின் தன் கையைப் பார்த்தாள். குழித்துக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

இப்படியும் ஒருவர் சொல்லித்தர முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. ஏனென்றால் அவளுடைய பயிற்சி முதுகெலும்பு வார்டில்தான் தொடங்கியிருந்தது.

அந்த வார்டின் பொறுப்பு ரெஜினா மேடத்திடம். மூன்றாவது வாரம், எட்டாம் நம்பர் கட்டிலில் இருந்த தாசனை நிஸ்ரின் சக்கர நாற்காலிக்கு மாற்றினாள். தாசன் சென்ட்ரிங் வேலையில் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது. நிஸ்ரின் நாற்காலியின் ஒரு பக்கத்து பிரேக்கைப் போட மறந்திருந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. தாசன் நடுவில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் ஓடிவந்து அவரைத் தூக்கிக் கட்டிலில் சேர்த்தார். பிறகு அத்தனை நோயாளிகளும் அவர்களோடு இருந்தவர்களும் பார்க்க நிஸ்ரினிடம் திரும்பினார்.

"அவருக்குத்தான் உணர்ச்சி கிடையாது. உனக்குமா கிடையாது?"

நிஸ்ரின் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாளே மேடம் அவளை எதிர் வரிசைக் கட்டில்களுக்கு மாற்றிவிட்டார். மிச்ச நாட்களில் அவள் துண்டு மடித்தாள், நோட்டு எழுதினாள், எட்டாம் நம்பர் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மாதம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். பிறகு எலும்பு முறிவு, குழந்தைகள், கிராமத்து முகாம் என்று நாட்கள் ஓடின. முதுகெலும்பு வார்டு இருந்த மாடியில் மட்டும் அவள் லிப்ட்டை விட்டு இறங்கவே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியிலேயே மேற்படிப்பும் உண்டு. ஒரு பிரிவைத் தேர்ந்துகொண்டால் இரண்டு வருடம் அந்த வார்டிலேயே படிப்பும் வேலையும். விண்ணப்பத்துக்கு மாதக் கடைசி வரை நேரம் இருந்தது. நிஸ்ரின் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு கோமதிநாயகத்திடம் வந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன் சார். நெஞ்சகப் பிரிவுதான். நீங்க கையெழுத்துப் போடணும்."

"ஏன் இந்தப் பிரிவு?"

அவள் யோசிக்கவில்லை. "உங்கள மாதிரி வரணும் சார்."

அவர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்ன மாதிரி வரதுக்கு இங்க படிப்பு எதுவும் இல்லையேம்மா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

"என் முடிவு தப்பா சார்?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதாகவும், பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், வந்து பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் விடுப்பில் போய் அந்த வார்டில் யாருக்கும் நினைவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் திரும்புவார் என்று கணக்குப் பார்த்து நிஸ்ரின் கொஞ்சம் பயந்தாள்.

அவர் இடத்துக்குப் பாலையா என்று ஓர் இளைஞர் வந்தார். வேலையில் குறை சொல்ல முடியாதவர். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். காலையில் யார் யாருக்கு என்னென்ன என்று பட்டியல் கொடுப்பார், சாயங்காலம் அதை வாங்கிக்கொள்வார்.

நிஸ்ரின் பட்டியலில் இருந்ததையெல்லாம் செய்தாள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள். குழாயில் மூச்சை இழுத்தால் மேலே ஏறும் மூன்று பந்துகளை வைத்துப் பயிற்சி கொடுத்தாள். மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் முதல் தடவையாக மூன்று பந்துகளையும் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லதுங்க ஐயா," என்று சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நாலு மணிக்கு லிப்ட்டுக்குக் காத்திருந்தபோதுதான் அது அவளை உறுத்தியது. சார் இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்ல ஓடியிருப்பாள். அவர் இல்லை என்றதும் அந்த மூன்று பந்துகளில் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. கண்டக்டரின் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தாள். வரவில்லை.

ஐந்தாம் நாள் பாலையா ஒரு சீட்டைக் கொடுத்தார். முதுகெலும்பு வார்டில் பயிற்சிக்கு இருந்த இரண்டு பேருக்குக் காய்ச்சல். இங்கிருந்து ஒருவர் போகவேண்டும்.

வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. போனாள்.

ரெஜினா மேடம் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"எட்டாம் நம்பர்ல இருந்து ஆரம்பி."

எட்டாம் நம்பரில் தாசன் இருந்தார். அவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார் என்று நிஸ்ரின் நினைத்திருந்தாள். அந்த வார்டுக்கு வருகிறவர்கள் இரண்டு, மூன்று மாதங்களில் நாற்காலியில் ஏற இறங்கக் கற்றுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இது ஆறாவது மாதம்.

"வா தங்கச்சி," என்றார் தாசன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

ஏன் அண்ணே இன்னும் இங்கேயே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் மறைக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. அன்றைக்குச் சரிந்தபோது நாற்காலியின் கால் பலகை உரசியதில் பின்புறத்துத் தோல் உரிந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கறுத்தது, பிறகு புண்ணாகிவிட்டது. புண் ஆறும்வரை உட்காரக்கூடாது என்றார்கள். மூன்று மாதம் குப்புறப் படுத்தே கிடந்தார். இப்போதுதான் மறுபடி நாற்காலிப் பயிற்சி தொடங்கியிருக்கிறது.

நிஸ்ரின் கட்டிலை நெருங்கினாள். "எனக்கு யாருமே சொல்லல."

"சொல்லணும்னா நீ பக்கத்துல வரணும்லா?"

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தாசன் அவளைக் கையமர்த்தினார்.

"எனக்கு அந்த இடத்துல உணர்ச்சியே கிடையாது தங்கச்சி. அன்னைக்கு வலிச்சது உனக்குத்தான். விடு. பலகைய எடு."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்துபோகப் பாலம்போல வைக்கும் பலகையை அவள் எடுத்தாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். இடது பிரேக், வலது பிரேக். மறுபடி இடது, மறுபடி வலது. பலகையின் ஒரு முனையை அவர் தொடைக்கு அடியிலும் மறுமுனையை நாற்காலியிலும் வைத்தாள். முன்னால் சாயச் சொன்னாள். இழுக்காமல், தூக்கித் தூக்கி நகர வேண்டும் என்றாள். ரெஜினா மேடம் பின்னால் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பவில்லை. மூன்று தூக்கில் தாசன் நாற்காலியில் இருந்தார்.

"பாதத்தைப் பாரு," என்றார் மேடம்.

தாசனின் இடது பாதம் கால் பலகைக்கு வெளியே மடங்கிக் கிடந்தது. அவருக்கு அது தெரியாது. நிஸ்ரின் குனிந்து அதை இரண்டு கையாலும் எடுத்துச் சரியாக வைத்தாள். மேடம் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அங்கேதான் வேலை. அதற்கடுத்த நாளும். தாசனின் மனைவி கலாவிடம் நிஸ்ரின் ஒரு டேப்பைக் கொடுத்து, நாங்குநேரிப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டு வாசலை அளந்துவரச் சொன்னாள். நாற்காலியைவிட வாசல் இரண்டு அங்குலம் சின்னதாக இருந்தது. கக்கூஸ் கொல்லையில், இரண்டு படி இறங்கிப் போகவேண்டும்.

வீட்டுக்குப் போனால் ஒரு மூலைதான் தங்கச்சி என்று தாசன் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிஸ்ரின் விடுதியில் உட்கார்ந்து ஒரு படம் போட்டாள். பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குச் சிமெண்டுச் சரிவு. மேடத்திடம் காட்டினாள்.

"தப்பு," என்றார் மேடம். "இவ்வளவு செங்குத்தா இருந்தா தள்ளுறவளும் சேர்ந்து விழுவா. மழை பெஞ்சா வழுக்கும். ஒரு அடி உயரத்துக்கு எத்தனை அடி நீளம் வேணும்? படிச்சியா இல்லையா?"

எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.  நிஸ்ரின் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். மறுநாள் வேறொரு படத்தோடு வந்தாள். சந்தில் நீளம் போதாததால் சரிவு நடுவில் ஒருமுறை திரும்பியது, மேற்பரப்பில் கோடு கோடாகக் கீறல் இருந்தது. வாசல் கதவையும் நிலையையும் கழற்றினால் மூன்று அங்குலம் கிடைக்கும் என்று கலாவின் அளவை வைத்துக் கண்டுபிடித்திருந்தாள். மேடம் வெகுநேரம் பார்த்தார். திருப்பத்தில் இடம் போதாது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருத்தினார். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வார்டை விட்டு இறங்கும்போது மணி ஆறே முக்கால். அவ்வளவு நேரமாகிவிட்டதை விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தாள்.

கோமதிநாயகம் திரும்பி வந்தார். கோயம்புத்தூரில் நல்ல குளிர் என்றார். பத்து நாள் எப்படிப் போனது என்று கேட்டார்.

நிஸ்ரின் சொல்லத் தொடங்கினாள். தாசனின் புண், மடங்கிக் கிடந்த பாதம், இரண்டு அங்குலம், நிலையைக் கழற்றக் கொத்தனாரிடம் கலா பேசியது, சரிவில் போட வேண்டிய கீறல். காகிதத்தை இழுத்து வரைந்தும் காட்டினாள். பக்கத்தில் இருந்த காபி ஆறி ஏடு படிந்தது. 

அவள் முடித்ததும் கேட்டார்.

"நம்ம வார்டு?"

"நல்லாத்தான் போச்சு சார்." சற்று நின்று, "பாலையா சார் நல்லாப் பாத்துக்கிட்டார்," என்றாள்.

கோமதிநாயகம் அலமாரியிலிருந்து ஒரு புது விண்ணப்பத்தை எடுத்தார். அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். பிரிவின் பெயர் எழுதும் இடத்தை அப்படியே விட்டு, தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதிக்கோ. நீ எத எழுதினாலும் இது என் கையெழுத்துதான்."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். தாளில் வைக்கவில்லை. வெளியே யாரோ தலையணையை அணைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்கள்.

"சார்."

"சொல்லும்மா."

"அங்க ரெஜினா மேடம் இருக்காங்க."

"ஆமா."

"இங்க நீங்க இருக்கீங்க."

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு வர்ற வைகாசியோட வேலை முடியுதும்மா. ரெஜினாவுக்கு இன்னும் மூணு வருஷம்தான்," என்றார். "உனக்கு இருபத்திரண்டு வயசு."