நாலாம் நாள் எண்ணெய்

மலையடிவாரத்து மடத்தில் சிலை கிடையாது. சுவரில் ஒரு மாடம், அதன் முன்னால் ஒரு விளக்கு, அவ்வளவுதான். மடத்தைத் தொடங்கிய பெரியவர் தன் கையால் ஏற்றிய விளக்கு. நாற்பத்தாறு வருடமாக அணையவில்லை என்று மடத்தார் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில் பாதியைத் தில்லைநாயகம் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக எண்ணெய் விடுவதும், பழைய திரியிலிருந்து புதுத் திரிக்குச் சுடர் மாற்றுவதும் அவர்தான்.

புதிதாக யார் வந்தாலும் தன் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

"நான் வந்த நாலாம் நாள். கடவுளுக்குக் குறை வைக்கக்கூடாதுன்னு ஒரு டின் எண்ணெயையும் விளக்குல கவுத்துட்டேன். அப்படியே சுவத்துல சாஞ்சு தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா, விளக்கு என்னைக்கும் இல்லாத பிரகாசமா எரியுது. என் எண்ணெயை அவர் ஏத்துக்கிட்டார். அன்னைக்குத்தான் இனி இந்த இடத்தை விட்டுப் போறதில்லைன்னு முடிவு பண்ணேன்."

மரகதத்துக்கும் சொன்னார். பிரசவ வார்டில் முப்பது வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். திரும்பிப் போக வீடு இல்லை. கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாமி எங்க இருக்காரு?"

"விளக்குக்குப் பின்னால. உருவம் கிடையாது. கண்ணுக்குத் தெரியமாட்டார்."

அவள் அந்த வெறும் மாடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை வெளிச்சத்தையும் மூஞ்சியில வாங்கிக்கிட்டா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலில் ஒரு பழைய சேலை தொங்கியது. உள்ளே இருட்டு. விளக்கு அணைந்திருந்தது. மரகதம் மாடத்தருகே உட்கார்ந்து, அதன் விளிம்பில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகம் கத்தினார்.

"யார் அணைச்சது?"

"நான்தான். மெதுவாப் பேசுங்கய்யா. இப்பத்தான் கண் அசந்தாரு."

அவர் கொல்லைப்புறம் ஓடினார். மடத்தின் தலைவரான அடிகள் கத்தரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்தைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர்; ஆனால் அவருக்கு முன்பே மடத்துக்கு வந்தவர்.

"அடிகளே, கடவுளையே ஊதி அணைச்சுட்டா அந்தப் பொம்பளை."

அடிகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தூங்கிட்டாரா?"

"இப்பத்தான் சாமி. வார்டுல மத்தியானம் லைட்ட அணைச்சாத்தான் புள்ளைங்க தூங்கும். இவரு எத்தனை வருஷமாத் தூங்கலையோ, பாவம்."

"எப்ப எழுந்திருப்பார்?"

"பசிச்சா அவரே எழுந்துப்பாரு."

அடிகள் ஓசைப்படாமல் நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தில்லைநாயகத்தால் நம்ப முடியவில்லை. உள்ளே போகவும் முடியாமல், அங்கிருந்து நகரவும் முடியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலு மணி வாக்கில் மரகதம் எழுந்து சேலையை அவிழ்த்தாள். "முழிச்சுக்கிட்டாரு" என்றாள். வெளிச்சத்தில் அப்போதுதான் தில்லைநாயகத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா சாமி?"

"நல்லாத் தூங்க வெச்சீங்கம்மா. போய் ஒரு வாய் காபி குடிங்க" என்றார் அடிகள்.

அவள் போனதும் அடிகள் திரும்பினார்.

"சமையல்கட்டுல தீப்பெட்டி இருக்கும். எடுத்துட்டு வாங்க."

"தீப்பெட்டியா?" தில்லைநாயகம் நிலைப்படியை விட்டு உள்ளே வந்தார். "பெரியவர் கையால ஏத்தின சுடர் அது. நாற்பத்தாறு வருஷம். அதைப் போய்க் கடையில வாங்கின தீப்பெட்டியால ஏத்தறதா?"

அடிகள் கருகிய திரியை விரலால் தட்டிவிட்டார்.

"அவளை அனுப்பிடுங்க அடிகளே. இல்லைன்னா நான் போறேன். அவ இருக்கிற இடத்துல என்னால இருக்க முடியாது."

"சரி. போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இந்த விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் விடலாம்?"

"விளிம்புக்கு ரெண்டு விரக்கடை கீழ. இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"அதுக்கு மேல விட்டா?"

"திரி மூழ்கிடும்."

"மூழ்கினா?"

"அணைஞ்சு..."

தில்லைநாயகம் நிறுத்தினார். விளக்கைப் பார்த்தார். அதன் விளிம்பைப் பார்த்தார். ஒரு டின் எண்ணெய் எங்கெல்லாம் வழிந்திருக்கும் என்று பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். எண்ணெய் வழிந்த தரையை யாரோ துடைத்திருக்க வேண்டும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கண்ணைத் திறந்தப்போ எரிஞ்சுதே அடிகளே."

"எரிஞ்சுது."

தில்லைநாயகம் தரையைக் கையால் தடவினார்.

"நான் தூங்கினப்போ... நீங்க என்ன செஞ்சீங்க?"

"தீப்பெட்டி தேடினேன்."