ரெண்டு கையும் சமம்

ஊரில் எத்தனையோ விதமான ஆஸ்பத்திரி உண்டு. வந்தவனை உள்ளேயே விடாத ஆஸ்பத்திரி உண்டு. உள்ளே வந்தவனை வெளியே விடமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிற ஆஸ்பத்திரியும் உண்டு. பரோட்டா மாஸ்டர் வேலாண்டி மாட்டிக்கொண்டது ரெண்டாவது வகையில்.

வேலாண்டிக்கு பஸ் ஸ்டாண்டு சிக்கந்தர் பாய் ஹோட்டலில் வேலை. மைதா மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்துப் பார்த்தால் கை இருக்கிறது, அதில் பலத்தைக் காணோம். ஓர் உருண்டை மாவைக்கூட அழுத்திப் பிசைய முடியவில்லை. பாய் நல்ல மனுஷன். ரெஜினா மேடம் நடத்துகிற பிசியோதெரபி நிலையத்தில் ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்தார். கூடவே ஒரு குண்டும் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை கல்யாண ஆர்டர் இருக்கு. அதுக்குள்ள நீ வரலேன்னா அல்போன்சையே நிரந்தரமாக்கிருவேன். மேடம் ஆளுங்க அனுப்பாம நீயா ஓடி வந்தேன்னா, அடுப்புப் பக்கமே சேர்க்க மாட்டேன். பாதிக் கையோட வந்து என் கல்லை நாசம் பண்ணாதே."

அல்போன்ஸ் தூத்துக்குடியிலிருந்து தற்காலிகமாக வந்த மாஸ்டர். வீச்சுப் பரோட்டாவை அவன் ஃபேன் உயரத்துக்கு வீசினால் சாப்பிட வந்தவர்கள் கை தட்டுகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வேலாண்டிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அந்த வாரம் பார்த்து மேடத்துக்கு சென்னையில் ஏதோ கூட்டம். நிலையத்தை அய்யாத்துரை, சீனிராசு, பிச்சைமணி என்ற மூன்று உதவியாளர்களிடம் ஒப்படைத்தார். மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்.

மேடம் ஒரு சின்ன மிஷினை எடுத்துக் காட்டினார். கைப்பிடியோடு உள்ளங்கையில் அடங்குகிற மிஷின். இறுக்கிப் பிடித்தால் எத்தனை கிலோ பலம் என்று முள் காட்டும்.

"உட்கார வச்சு அளக்கணும். ஒவ்வொரு பிடிக்கும் நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. ரெண்டு கையும் ஒரே அளவு காட்டுச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுங்க. அதுவரைக்கும் யாரையும் விடாதீங்க."

"யாரையும் விடமாட்டோம் மேடம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மேடம் பஸ் ஏறியதும் அளவு ஆரம்பமானது. வேலாண்டி வலது கையால் ஒரு பிடி பிடித்தான். உடனே அய்யாத்துரை "ஓய்வு!" என்றான். மூன்று பேரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்கள். வேலாண்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர்களைப் பார்த்தான்.

"ஓய்வு எனக்குல்லா?"

"நீங்கதான் உக்காந்து இருக்கீங்களே மாஸ்டர். நாங்க வந்ததுலேர்ந்து நிக்கிறோம்" என்றான் சீனிராசு, கண்ணைத் திறக்காமல்.

கடைசியில் கணக்கு வந்தது. வலது கை ஒன்பது கிலோ, இடது கை முப்பத்து நாலு கிலோ. மூன்று பேரும் சன்னலோரம் கூடி நின்று ஆலோசித்தார்கள்.

"ஒன்பதை முப்பத்து நாலா ஏத்தணும்னா மாசக்கணக்கா ஆகும்" என்றான் அய்யாத்துரை.

"ஏத்தணும்னு மேடம் சொல்லவே இல்லையே. சமமா வரணும்னுதானே சொன்னாங்க?" என்றான் பிச்சைமணி.

"அப்படின்னா?"

"முப்பத்து நாலை இறக்கிட்டாப் போச்சு."

அய்யாத்துரை அவனை அப்படியே கட்டிக்கொண்டான். இத்தனை மூளையை இவன் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அன்றைக்கே இடது கையை இறக்குகிற வேலை தொடங்கியது. அந்தக் கை களைத்துப் போகட்டும் என்று ஆஸ்பத்திரிப் போர்வை அத்தனையையும் நனைத்து வேலாண்டியை இடது கையாலேயே பிழியச் சொன்னார்கள். அடிபம்பில் தண்ணீர் அடிக்க விட்டார்கள். பாவம், வேலாண்டியும் சீக்கிரம் போனால் சரி என்று பிழிந்தான், அடித்தான். மறுநாள் காலையில் அளந்தால் இடது கை முப்பத்தாறு காட்டியது.

"கழுதை, ஏறிருச்சே!" என்று சீனிராசு மிஷினைத் தட்டிப் பார்த்தான்.

"வேலை கொடுத்தா ஏறுது. வேலையே கொடுக்கக் கூடாது" என்று அய்யாத்துரை முடிவு செய்தான்.

இடது கைக்குப் பஞ்சு வைத்துத் தலையணை மாதிரி ஒரு கட்டுப் போட்டார்கள். நல்ல கைக்குக் கட்டு, முறிந்த கைக்கு வேலை. வேலாண்டி சோறு தின்றதும் பல் விளக்கியதும் வேட்டி கட்டியதும் எல்லாம் அந்த வலது கையால்தான். வேட்டி பாதி வழியில் ரெண்டு தடவை அவிழ்ந்தது. பார்க்க வந்த பெண்சாதி, கட்டு இருந்த கையைப் பார்த்து, "ஐயோ, இதையும் எப்ப உடைச்சீங்க?" என்று அழுதுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேலாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. அடுப்பு கண் முன்னால் நின்றது, அதன் முன்னால் அல்போன்ஸ் நின்றான்.

"ஏப்பா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா? உலகத்துல எவனுக்குடா ரெண்டு கையும் சமமா இருக்கு? உங்க கையை அளந்து பாருங்கடா!" என்று கத்தினான்.

கத்தியிருக்கக் கூடாது. மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக மிஷினை எடுத்தார்கள். பிச்சைமணிக்கு வலது கை முப்பத்தெட்டு, இடது கை முப்பத்து மூணு. சீனிராசுக்கு அதைவிட வித்தியாசம். அய்யாத்துரை தன் முள்ளைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான்.

"இத்தனை வருஷமா இந்த வியாதியோடதான் சைக்கிள் ஓட்டிருக்கேன்" என்றான் நடுங்கிய குரலில்.

"எனக்குப் பொண்ணு பார்த்திருக்காங்களே! அவங்க வீட்டுல என்ன சொல்றது?" என்று சீனிராசு தேம்பினான்.

"யாரையும் விடாதீங்கன்னு மேடம் சொன்னது நம்மளையும் சேர்த்துத்தான்" என்றான் பிச்சைமணி. இவனுக்கு எப்போதும் ஒரு படி மேலே யோசனை.

ஒருத்தன் வலது கையை ஒருத்தன் கட்டினான். மூன்று பேரும் நோயாளிகளாகப் படுத்துவிட்டார்கள். கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள், உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் திறந்துவிட. இடது கையால் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டதால் ஊட்டிவிடுகிற வேலை வேலாண்டி தலையில் விழுந்தது. முறிந்த கையால் அவன் மூன்று தடியன்களுக்கு இட்லி ஊட்டினான்.

சனிக்கிழமை அல்போன்ஸ் வந்தான். ஆறுதல் சொல்கிற சாக்கில் பெருமையடிக்கத்தான் வந்தான்.

"மாஸ்டர், நீங்க நல்லா ஓய்வெடுங்க. பாய் எனக்குப் புது பனியன்கூட எடுத்துக் குடுத்துட்டாரு" என்றான்.

வேலாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அய்யாத்துரையின் பார்வை அல்போன்சின் கையில் இருந்தது. மாவு அடித்து அடித்து வலது கை தூண் மாதிரி இருந்தது.

"தம்பி, சும்மா இதை ஒரு தடவை பிடிங்க."

அல்போன்ஸ் சிரித்துக்கொண்டே பிடித்தான். வலது கை ஐம்பத்து ரெண்டு. இடது கை முப்பத்தொன்று. மூன்று பேரும் முள்ளை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்கள்.

"முத்திப் போச்சு" என்றான் சீனிராசு மெல்ல.

"எது?" என்றான் அல்போன்ஸ். அவன் சிரிப்பு போய்விட்டது.

"நாங்க அஞ்சாறு கிலோ வித்தியாசத்துக்கே படுத்த படுக்கையா கெடக்கோம். உங்களுக்கு இருபத்தொன்னு. எப்படித் தம்பி நடந்து வந்தீங்க?"

அல்போன்சுக்கு வேர்த்தது. "அதான் அண்ணே, ரெண்டு நாளா தோள் ஒரு மாதிரி இழுக்குது" என்று அவனே ஒரு கட்டிலைப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் வலது கைக்குப் பஞ்சு பத்தாமல் ஒரு தலையணையைக் கிழித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிக்கந்தர் பாய் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கல்யாண வீட்டில் சால்னா தயார், பரோட்டாவுக்கு ஆள் இல்லை.

"டேய், ரெண்டு மாஸ்டரையும் இங்கேயே புடிச்சு வச்சிருந்தா நான் எங்கடா போவேன்? ஒருத்தனையாவது விடுங்கடா!"

"அளவு சமமா இருந்தா விடுறோம் பாய்" என்றான் அய்யாத்துரை. அவன் நியாயஸ்தன்.

வேலாண்டியின் கட்டைப் பிரித்தார்கள். அத்தனை நாளும் இறுக்கிக் கட்டியிருந்த இடது கை மரத்துப்போய்த் தொங்கியது. இறுக்கிப் பிடித்தான். பதினேழு. வேலாண்டி கண்ணை மூடிக்கொண்டு ஊர் சாமிகள் எல்லாரையும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, இட்லி ஊட்டிப் பழகிய வலது கையால் பிடித்தான். அதுவும் பதினேழு!

"சமம்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். அல்போன்ஸ் படுத்தபடியே "குடுத்து வச்சவர்" என்றான். வேலாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. ரெண்டு கையாலும் கண்ணைத் துடைத்தான், ரெண்டும் சமமாகத் துடைத்தன.

"வா போகலாம்" என்று பாய் அவனை இழுத்தார்.

"ஒரு நிமிஷம் பாய்" என்று பிச்சைமணி மிஷினோடு குறுக்கே வந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து வேலாண்டி மட்டும் தனியாகத் தெருவில் இறங்கினான். கையில் கல்லாப் பெட்டிச் சாவி இருந்தது. பாய்தான் கட்டில் மேல் படுத்தபடி கொடுத்தார். "நீதான் கடையைப் பாத்துக்கணும். எனக்கு எப்ப சமமாகும்னு சொல்ல முடியாதாம்" என்றார்.

பதினேழு கிலோவை வைத்துக்கொண்டு வேலாண்டி கல்யாண ஆர்டரை முடித்துவிட்டான். வலது கை சோர்ந்தால் இடது, இடது சோர்ந்தால் வலது. பரோட்டா கொஞ்சம் கோணல்தான், மாப்பிள்ளை வீட்டார் அதைப் புது தினுசு என்று நினைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஹோட்டல் அடுப்பின் முன்னால் ராஜா மாதிரி நின்றபோது போன் அடித்தது. அய்யாத்துரை.

"மாஸ்டர், ஆஸ்பத்திரிக்கு அஞ்சு பார்சல் வேணும். எங்களுக்கு மூணு, அல்போன்சுக்கு ஒன்னு, பாய்க்கு ஒன்னு."

"கட்டிருவோம்" என்றான் வேலாண்டி.

பார்சல் கட்டி முடிப்பதற்குள் மறுபடியும் போன்.

"மாஸ்டர், ஆறாக் கட்டிருங்க. மேடம் சென்னையிலேர்ந்து வந்துட்டாங்க. அளந்து பார்த்தோம்." குரல் தழுதழுத்தது. "கட்டுக் கை இன்னும் பழகலை, அவங்களுக்கு மட்டும் பரோட்டாவைப் பிச்சுப் போட்டே அனுப்புங்க."