கைப்பிடி நின்ற நேரம்

படங்கள் பேசக் கற்றுக்கொள்ளாத காலம். சென்னையில், கீழ்ப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் கோவர்த்தனம் என்பவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பம்பாய்க்குப் போய்த் தொழில் கற்று வந்தவர். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தோப்பில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தருமலிங்கத்துக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாண ஜோடிகளை நாற்காலியில் உட்காரவைத்து, "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவர். ஒருநாள் கொட்டகையில் படம் பார்க்கப் போனார். திரையில் ஒரு மரத்தின் இலை அசைந்தது. மனுஷர் அன்றைக்கே அதில் விழுந்துவிட்டார். ஸ்டுடியோவை மைத்துனன் தலையில் கட்டிவிட்டுத் தோப்புக்கு வந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வாத்தியார் சீடரை 'அண்ணே' என்பார். சீடர் 'வாத்தியாரே' என்பார். அப்படி ஒரு வேடிக்கையான குருகுலம் அது.

அந்தக் காலத்துக் காமிராவுக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். எந்திரக் கல்லில் மாவு அரைப்பதுபோல அதை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சுற்று மெதுவானால் திரையில் ராஜா ஓட்டமும் நடையுமாகப் போவார். வேகமானால் தூக்கத்தில் நடப்பார். கை நின்றால் படமும் நின்றது. வேகம் பிசகாமல் இருக்க வாத்தியார் ஒரு கோலாட்டப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, அதை வாய்க்குள் முணுமுணுத்தபடி சுற்றச் சொல்லியிருந்தார்.

கூடவே ஒரு விதியும் போட்டார்.

"கையைச் சுத்தும்போது நடிக்கிறவங்களைப் பார்க்கக் கூடாது, அண்ணே."

"அப்ப கண்ணை எங்கே வச்சுக்கிறது?"

"உங்க கால் கட்டைவிரல்ல."

தருமலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வெயிலுக்குத் துணி கட்டுறவன் பார்க்கிறான். காபி கொண்டு வர்ற ஐயர் பார்க்கிறார். எல்லாரும் பார்க்கிறதை நான் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது, வாத்தியாரே?"

வாத்தியார் துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டை மறந்துடாதீங்க" என்றார்.

அந்த வருஷப் படத்துக்கு ராஜபார்ட் விருத்தகிரி வந்தார். ஒரு காலத்தில் மேடையில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து ஊர்க்காரன் எழுந்து உட்காருவான் என்பார்கள். தொண்டையில் நோய் வந்து குரல் போய்விட்டது. குரல் போன ராஜபார்ட்டை எந்த நாடகக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? பாட்டும் வசனமும் கேட்காத ஒரு தொழில் உலகத்தில் புதிதாகப் பிறந்திருக்கிறது, அதுவும் தன்னைத் தேடி வந்திருக்கிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. முதல்நாள் காமிராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதையில் அவர் நாட்டை இழந்த ராஜா. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் சின்ன மகளை ஒரு வண்டிக்காரனிடம் ஒப்படைத்து அனுப்புகிறார். வண்டி போகிறது. ராஜா நிற்கிறார். அவ்வளவுதான் காட்சி.

அன்று நல்ல வெயில். தலைக்கு மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் வடிந்து இதமாக இறங்கியது. வாத்தியார் காமிராவை ஒட்டி நின்று, "ஆரம்பிங்க" என்றார். தருமலிங்கம் பாட்டை எடுத்தார். கை சுற்றியது. கண் கட்டைவிரலில் இருந்தது.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. தோப்பில் காக்கைகூடக் கத்தவில்லை. துணி கட்டுகிறவன் எங்கோ பின்னால் விசும்புவது கேட்டது.

தருமலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

முகங்களைப் பார்த்துப் பிழைத்த மனுஷர் அவர். அப்படி ஒரு முகத்தை அதுவரை பார்த்ததில்லை.

"போதும்" என்று வாத்தியார் சொன்னபோதுதான், தன் கை கைப்பிடிமேல் சும்மா கிடப்பது அவருக்குத் தெரிந்தது. பாட்டு எந்த அடியில் நின்றது என்பது தெரியவில்லை.

விருத்தகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தார். வெறும் காற்றாக வந்த குரலில் கேட்டார்.

"பிடிச்சுட்டீங்களா?"

தருமலிங்கம் தலையாட்டிவிட்டார். ஏன் ஆட்டினார் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அந்தக் கிழவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விருத்தகிரி கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

சாயங்காலம் தருமலிங்கம் வாத்தியாரிடம் போய் நின்றார்.

"வாத்தியாரே, கை நின்னுபோச்சு."

வாத்தியார் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வெயில் வந்ததும் மறுபடி எடுப்போம்."

வெயில் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தோப்பில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழை விட்டு, தண்ணீர் வடிந்து, மேலே துணி கட்டுகிற அளவுக்கு வெயில் வந்தபோது விருத்தகிரி இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் காட்சியையே தூக்கி எறிந்திருப்பார்கள். வாத்தியார் எறியவில்லை. கை நின்ற இடத்தில் வெற்றுப் பிலிமை ஒட்டினார். அந்த இடம் வந்ததும் திரை வெள்ளையாக எரியும். அப்போதெல்லாம் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று ஜனங்களுக்குக் கதை சொல்லுவது வழக்கம்.

"அந்த இடத்துல நீங்க நின்னு சொல்லுங்க, அண்ணே."

"என்னத்தைச் சொல்ல?"

"பார்த்ததை."

இது தண்டனையா மன்னிப்பா என்று தருமலிங்கத்துக்குப் புரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

முதல்நாள் வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ராஜா நின்றார். வண்டி போன திசையைப் பார்த்தார்." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. தரை டிக்கெட்டில் இருந்து விசில் பறந்தது.

மறுநாள் "அழுதார்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். விசில் குறைந்தது. அதற்கும் அடுத்த நாள் ராஜாவின் கை தானாக எழுந்து நெஞ்சில் படிந்தது. ஒரு வாரத்தில் கண்ணீர் தாடியில் சொட்டியது. மாதம் ஒன்று ஆவதற்குள், கண் காது மூக்கு வைத்து, "இரண்டு கண்களும் காவிரியாகப் பெருக" என்று அவர் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும்போது கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. வெள்ளைத் திரைக்காகவே இரண்டாம் தடவை வந்தவர்களும் உண்டு. தருமலிங்கம் ஜரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரம் வாங்கிக்கொண்டார். தப்புச் செய்தவன் கழுத்தில் மாலை விழுந்தால் தப்பு எத்தனை நாளைக்கு உறுத்தும்? அவரும் மனுஷர்தானே.

ஒருநாள் சாயங்கால ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு பெண் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாள். பிறகு எழுந்து அவரிடம் வந்தாள்.

"என் பேரு செங்கமலம். ராஜபார்ட் விருத்தகிரியோட மக."

தருமலிங்கம் அங்கவஸ்திரத்தை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"எனக்குக் கல்யாணமாகி வண்டியேறின அன்னைக்கு அப்பா வரலீங்க. மதுரையில நாடகம்னு போயிட்டார். அதை மனசுல வச்சுக்கிட்டு எத்தனையோ வருஷம் நான் அவரோட பேசலை. சாகக் கிடக்கிறார்னு தெரிஞ்சு ஓடினேன். 'அன்னைக்கு உன்னை வழியனுப்ப வரலை. படத்துல நின்னு அனுப்பியிருக்கேன், போய்ப் பாரு'ன்னார்."

சுருட்டிய அங்கவஸ்திரத்தை அவர் பெஞ்சின்மேல் வைத்தார்.

"படத்துல ஒண்ணும் காணோம். வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க கிட்ட இருந்து பார்த்தவர்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்கணும்."

"கேளும்மா."

"சின்ன வயசுல அம்மை போட்டதுலேருந்து அப்பாவுக்கு இடது கண்ல தண்ணியே வராதுங்க. எங்கம்மா செத்தப்பகூட வலது கண்ணு மட்டும்தான் அழுதுச்சு. நீங்க ரெண்டு கண்ணும்னு சொன்னீங்களே. எனக்காக ரெண்டும் அழுதுச்சா?"

தருமலிங்கம் கண்ணை மூடினார். அந்த வெயிலைத் தேடினார். மேலே கட்டிய துணி இருந்தது. வண்டி போன தடம் இருந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய குரல்தான் இருந்தது. காவிரி காவிரி என்று அது முழங்கிக்கொண்டிருந்தது. கை நெஞ்சில் படிந்ததா? ராஜா வேஷத்துக்குத் தாடி இருந்ததா? முதல்நாள் சொன்னது நின்றார், பார்த்தார் என்பது மட்டுமே. விருத்தகிரி அழுதாரா என்பதேகூட இப்போது அவருக்கு நிச்சயமில்லை.

"நினைவில்லையம்மா."



"பரவாயில்லீங்க. அழுதார்னு சொன்னீங்களே, அதுவே எனக்குப் போதும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் போலவே கும்பிட்டுவிட்டுப் போனாள். தருமலிங்கத்துக்கு அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் வாத்தியார் பிலிம் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அவரோட மக வந்திருந்தா."

"பார்த்தேன்."

"அந்த முகம் என்கிட்ட இல்லை. சொல்லிச் சொல்லியே அழிச்சுட்டேன்."

வாத்தியார் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. எந்தக் கண்ணு அழுதுச்சு? ஒரு கண்ணா, ரெண்டுமா? சொல்லுங்க, ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அந்தப் பொண்ணு இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டா."

"எனக்குத் தெரியாது, அண்ணே."

"துணி கட்டுறவனைக் கேட்போம். ஐயரைக் கேட்போம்."

"என்னைக்கோ கேட்டுட்டேன். அவன் ரெண்டு கண்ணும்ங்கிறான். ஐயர் அழவே இல்லைங்கிறார்."

தருமலிங்கத்துக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கைப்பிடி சுற்றும்போது காமிரா கடகடவென்று சத்தம் போடும். கை நின்றால் அந்தச் சத்தமும் நிற்கும்.

"வாத்தியாரே, நீங்க காமிராவை ஒட்டித்தானே நின்னீங்க? சத்தம் நின்னது உங்களுக்குக் கேட்கலையா?"

வாத்தியாரின் கை நின்றது. சுருள் தானாக ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

"அன்னைக்கு நாம எல்லாருமே பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம், அண்ணே."