இடதுபக்கத்து சீட்

வேகத்தைக் கற்றுக்கொள்ள ஒரு சீடர் ஒரு குருவிடம் போனார்.

சீடருக்கு வயது நாற்பத்தைந்து. குருவுக்கு முப்பத்திரண்டு. தாடி இருந்தது சீடருக்குத்தான். குருவின் கையில் ஸ்பேனர் இருந்தது.

சீடர் பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். ஒரு காயைக் கையில் வாங்கியதும் இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். தராசில் போட்டால் அஞ்சு கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால்கூட, கையில் ஏந்தியதும் "மூணு கிலோ நூறு" என்பார். பக்கத்தில் நிற்கிற நர்ஸ் வாயைப் பிளப்பாள்.

குரு பெயர் சிந்தாமணி. கோயம்புத்தூருக்கு வெளியே, ரேஸ் கார் ஓட்டும் டிராக்கை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, கார்களைச் சீர்செய்கிறவள். ஒரு காலத்தில் அவளே ஓட்டியவள்தான். அதைப் பற்றி யாராவது கேட்டால், "அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்பாள்.

நாச்சிமுத்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டே கதவு, மஞ்சள் நிறம். கோடிக்கணக்கில் விலை போகிற சாதி இல்லை. ஒரு மண்டிக்காரர் நாலைந்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் வாங்கக்கூடியது. டிராக்கை எல்லாருக்கும் திறந்துவிடும் நாட்களில் கொண்டுபோய் ஓட்டுவார். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் முப்பத்துநாலு வினாடி ஆனது. ஒன்றரை நிமிஷத்துக்குள் வருகிறவர்களைத்தான் இரண்டாம் கூட்டத்தில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் புதுசாகக் கற்றுக்கொள்ள வந்தவர்களோடு ஓட்ட வேண்டும்.

இதை மைத்துனன் பிடித்துக்கொண்டான். ஒரு சீமந்த விருந்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"மாமா வண்டிக்கு மஞ்சள் பொருத்தமான கலருதான். ஸ்கூல் பஸ்ஸும் அந்தக் கலருதானே?"

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்று சிரித்தார். நாச்சிமுத்து கையில் பிசைந்த சோற்றோடு சபதம் போட்டார்.

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஒன்றரை நிமிஷத்துக்குள்ள நான் வரலையின்னா, இந்த வண்டிச் சாவி உனக்குடா!"

சோறு வாய்க்குப் போவதற்குள் சபதம் வெளியே போய்விட்டது. மறுநாளே மண்டித் தராசைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு சிந்தாமணியின் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"அம்மணி, எஞ்சினைப் பெருசாக்க எனக்கு வசதியில்லை. எடையைக் குறைச்சாலே வண்டி பறக்கும்கிறாங்க. எதைக் கழட்டறது?"

"எது வேண்டாமோ அதைக் கழட்டுங்ணா."

"எது வேண்டாம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கீங்க."

இது ஒரு பதிலா என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்கினார்.

ஸ்டெப்னி, பதினாலு கிலோ. ஜாக்கியும் சாமான் பையும் மூன்றரை. பேருக்கு இருந்த பின் சீட், பதினொன்று. தரை விரிப்புக்கு அடியில், சத்தம் கேட்காமலிருக்கத் தார் அட்டை ஒட்டியிருந்தது. அதை உட்கார்ந்து மூன்று நாள் சுரண்டினார். தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்ட முதல் தோசைகூட அவ்வளவு அடம் பிடிக்காது. விரிப்போடு சேர்த்து ஒன்பது கிலோ. ஏசி, இருபத்திரண்டு. ஸ்பீக்கரும் கதவு அட்டைகளும் பன்னிரண்டரை. கடைசியாக டிரைவருக்குப் பக்கத்து சீட், பதினாறு.

மொத்தம் எண்பத்தெட்டு கிலோ. ஒவ்வொன்றையும் தராசில் வைக்கும் முன்னே எடை சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தன்னையும் விடவில்லை. சாயங்கால போண்டாவை நிறுத்தினார். மோதிரத்தைக் கழற்றினார். யாரும் பார்க்காதபோது வெள்ளி அரைஞாணையும் கழற்றி ஆணியில் மாட்டினார். முப்பது கிராம்.

சிந்தாமணி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நடுநடுவே டிராக்கில் ஓட்டச் சொல்லி, ஓரமாக நின்று நேரம் மட்டும் பார்த்தாள்.

பின் சீட் போன பிறகு ஒரு நிமிஷம் முப்பத்துமூன்று. ஏசி போன பிறகும் முப்பத்துமூன்று. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளியன்று, எல்லாம் போன பிறகு ஓட்டினார். காரின் உள்பக்கம் வெள்ளையடிக்கக் காலி பண்ணின வீடு மாதிரி இருந்தது. வளைவுக்கு வளைவு டயர் கிறீச்சிட்டது. இரண்டு இடத்தில் வால் ஒதுங்கி மண்ணைத் தொட்டுவிட்டு வந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"எத்தனைங்க அம்மணி?"

"ஒண்ணு முப்பத்துநாலு."

நாச்சிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"எண்பத்தெட்டு கிலோ கழட்டியிருக்கேன்! ஒரு மூட்டைத் தேங்காய் இறக்கினா மாடே துள்ளும். இது அதே முப்பத்துநாலுல வந்து நிக்குது. இதென்னங்க அநியாயம்?"

"ஆமாங்ணா."

"என்ன ஆமாம்? அந்தக் கம்பியைக் கழட்டுங்க."

டிரைவர் தலைக்குப் பின்னால் வளைந்து நின்ற தடித்த இரும்புக் குழாயைக் காட்டினார். கார் தலைகீழாக உருண்டால் தலை நசுங்காமல் தாங்குவது அது.

"அது நிக்கட்டும்."

"பதினெட்டு கிலோங்க அது!"

"உங்க தலை எத்தனை கிலோங்ணா?"

அவர் கணக்குப் பார்க்காமல் கத்தினார்.

"மூணு வாரமா வர்றேன். ஒரு வார்த்தை சொல்லித் தந்தீங்களா? கேட்டா ஆமாங்கறீங்க, நிக்கட்டுங்கறீங்க. நாளன்னிக்கு அந்தப் பயல் என் சாவியை விரல்ல மாட்டிச் சுத்தப்போறான். பேசாம நிக்கறதுக்கு எதுக்கு ஒரு குரு? அதுக்கு என் தராசே போதும்!"

சிந்தாமணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அவர் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தாள்.

"அக்கா வர்றாங்க."

நாச்சிமுத்துவின் மனைவி பூங்கோதை, நாலடுக்குக் கேரியரோடு வெயிலில் வந்துகொண்டிருந்தாள். நடையிலேயே கோபம் தெரிந்தது. கேரியரைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, சந்தைக்குப் போற கோழியாட்டம் ரெண்டு பஸ் மாறி வர்றேன். ஒரு பஸ்ல கால் வெக்க இடமில்லை, இன்னொண்ணுல பிடிக்கக் கம்பியில்லை. வீட்டுல கார் இருக்கறவ நான்! அதுல எனக்கு உக்கார சீட்டு இல்லையாமா?"

அப்போதுதான் கொட்டகைக்குள் பார்த்தாள். அவள் சீட் தராசின் மேல் இருந்தது.

"என்ற சீட்டை எடை போட்டு வெச்சிருக்கீங்களா?"

"அது பதினாறு கிலோ பூங்கோதை."

"அதுல உக்கார்றவ?"

நாச்சிமுத்து குனிந்து ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தார். இருபது வருஷம் மண்டி நடத்தியவருக்கு, எதற்கு எடை சொல்லக் கூடாது என்று தெரியாதா?

அவள் பார்வை ஆணிக்குப் போனது. ஆணியில் அரைஞாண் தொங்கியது.

"அடக் கடவுளே! நல்ல நாள் பார்த்து எங்கப்பா போட்டது! அதைக்கூடவா?"

"முப்பது கிராம்..." என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

சிந்தாமணி தராசிலிருந்து சீட்டைத் தூக்கினாள். காருக்குள் வைத்தாள். போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு குனிந்தாள்.

"அம்மணி! என்ன பண்றீங்க?"

"நாலே போல்ட்டுதாங்ணா."

முடுக்கிவிட்டு, இன்னொரு ஹெல்மெட்டைத் துடைத்துப் பூங்கோதையிடம் நீட்டினாள்.

"அக்கா, ஏறுங்க. இன்னிக்குப் பழகற ஓட்டம்தான், பக்கத்துல ஆள் உக்காரலாம். கேரியரை எங்கிட்டக் குடுங்க, ரசம் சிந்தும்."

நாச்சிமுத்துவுக்குக் காது சூடேறியது. கழட்டின சீட்டைத் திரும்ப ஏற்றி, அதற்கு மேலும் ஏற்றி, ஊர் சிரிக்க ஓட்டச் சொல்கிறாளே! இதற்குப் பேர் கற்றுத் தருவதா, கழுத்தறுப்பதா? ஆனால் பூங்கோதை பெல்ட்டை மாட்டி, முந்தானையை இழுத்துச் செருகி, உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளை இறக்குகிற தைரியம் அவருக்கு இல்லை.

"மூணு சுத்துங்ணா" என்றாள் சிந்தாமணி.

பூங்கோதை முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"மத்தியானம் நான் இன்னும் சாப்பிடலை. வால்பாறை ஞாபகம் இருக்கட்டும்."

வால்பாறை அவள் பிறந்த ஊர். மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. கல்யாணமான புதுசில் ஐந்தாவது வளைவிலேயே வாந்தி எடுத்தாள். இப்போதும் பஸ்ஸில் போனாலும் எடுப்பாள், தம்பி ஓட்டினாலும் எடுப்பாள். நாச்சிமுத்து ஓட்டினால் மட்டும் எடுக்க மாட்டாள். இருபது வருஷமாக, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவளை மலையேற்றி இறக்கியே அவர் கைகாலுக்கு அலுங்காமல் ஓட்டுவது பழகிப்போயிருந்தது.

வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். நேர்பாதையில் கோபத்தையெல்லாம் ஆக்ஸிலரேட்டரில் காட்டினார். பூங்கோதை அசையவில்லை. முதல் வளைவு வந்தது. கால் தானாக, வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை மெல்ல அழுத்தியது. ஸ்டீயரிங் ஒரே தடவை திரும்பி, அப்படியே நின்றது. தூளியில் தூங்கும் குழந்தையைப் பாய்க்கு மாற்றுவது போல வண்டி வளைவிலிருந்து வெளியே வந்தது. டயர் ஒரு சத்தமும் போடவில்லை.

அடுத்த வளைவும் அப்படியே. அதற்கடுத்ததும். வால் ஒதுங்கவில்லை. மண்ணும் பறக்கவில்லை. போச்சு, சாவி போச்சு, ஸ்கூல் பஸ்ஸேதான் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவது சுற்றில் பூங்கோதை புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"இப்பச் சந்தோஷமாங்க அம்மணி? மாட்டு வண்டி ஓட்டற மாதிரி ஓட்டிட்டு வந்திருக்கேன். அந்தப் பயல் சொன்னது சரின்னு நீங்களே காட்டிட்டீங்க!"

சிந்தாமணி நேரம் பார்க்கும் கடிகாரத்தை அவர் கையில் வைத்தாள்.

ஒரு நிமிஷம் இருபத்தொன்பது வினாடி.

அவர் அதைக் குலுக்கினார். காதில் வைத்துப் பார்த்தார்.

"இது ரிப்பேரு."

சிந்தாமணி டிராக் ஓரத்தில் நேரம் காட்டும் பெரிய பலகையைக் காட்டினாள். அதிலும் இருபத்தொன்பதுதான் எரிந்துகொண்டிருந்தது.

"அதுவும் ரிப்பேரு! ஒரு ஆளை ஏத்தி, ஒரு சீட்டை ஏத்தி, அஞ்சு வினாடி குறையுமா? இருபது வருஷமா எடை போடறவனுங்க நான்! எங்கிட்டயே ஏமாத்து வேலையா? அப்ப நான் கழட்டின எண்பத்தெட்டு கிலோ? மூணு நாள் உக்காந்து சுரண்டின தாரு?"

"சாப்பிடுங்ணா. ரசம் ஆறுது."

சாப்பிட்டார். கோபத்தில் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சிந்தாமணிக்கும் பூங்கோதையே பரிமாறினாள். நடுவில் எழுந்து போய், ஆணியிலிருந்த அரைஞாணை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு வந்தாள். தகரத்தின் மேல் ஒரு காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

கை கழுவும்போது நாச்சிமுத்து, அங்கிருந்து டிராக்கின் முதல் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது கால் தரையில் எதையோ மெல்ல அழுத்திப் பார்த்தது. திரும்பி வந்தபோது குரலில் பாதிச் சூடுதான் மிச்சமிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நேரம் பார்க்கற ஓட்டத்துல பக்கத்துல ஆள் உக்காரக் கூடாதுங்களே."

"ஆமாங்ணா."

"அப்ப அந்த சீட்டு வெறும் பதினாறு கிலோ."

"ஆமாங்ணா."

"கழட்டிரட்டுமா?"

"இன்னிக்கு யாரும் அதைத் தொடக் கூடாது" என்றாள் பூங்கோதை, கேரியரை அடுக்கிக்கொண்டே. "ஏசிதான் போச்சு. சீட்டுமா? நான் அதுல உக்காந்துதான் வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை காலையில என்னமோ பண்ணிக்கோங்க."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

சிந்தாமணி ஸ்பேனரைத் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை கழட்டிக்கோங்ணா. ஆனா அப்பவும் அக்காவுக்குக் குமட்டக் கூடாது."