வாசல் வைக்காத அடுப்படி

கருக்குவேல்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே மிச்சம் விழுந்த இடத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதில் மாணிக்கலிங்கம், வைரலிங்கம், சொர்ணலிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். அவர்களுடைய அப்பா விலை உயர்ந்த சரக்கையெல்லாம் பெயரிலேயே செலவழித்துவிட்டார். தலைக்குள் வைக்க ஒன்றும் மீதமில்லை. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட, இன்றைக்கு அது யாரிடம் இருப்பது என்று சண்டை வந்திருக்கும். அப்படி ஒரு சண்டை அந்த வீட்டில் வந்ததே இல்லை.

மூத்தவன் மாணிக்கத்துக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி தெய்வானை, கெட்டிக்காரி. அவளுக்கு அந்த வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, அடுப்படியைத் தவிர. அங்கே ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் கதவைச் சாத்த வேண்டும். கதவைச் சாத்த வேண்டுமென்றால் கிரைண்டரை நகர்த்த வேண்டும். இதற்கு நடுவில் ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் உள்ளேயே நிற்பார்கள். சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க மாணிக்கம். அண்ணன் சரியாகப் பார்க்கிறானா என்று பார்க்க வைரம். இரண்டு பேர் நிற்கிறார்களே, என்னவோ இருக்கும் என்று சொர்ணம்.

ஒருநாள் அவள் குழம்புச் சட்டியோடு திரும்பியபோது முழங்கை வைரத்தின் மேல் இடித்து, பாதிக் குழம்பு மாணிக்கத்தின் காலில் கொட்டியது. அவன் காலில் வழித்து ருசி பார்த்து, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றான். தெய்வானை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் நின்னு திரும்ப இடம் உள்ள அடுப்படி என்னைக்கு இந்த வீட்டுல இருக்கோ, அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊரிலிருந்த அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மாணிக்கம் உடைந்துபோனான். அவள் மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். ஹோட்டல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் தொண்டையில் இறங்கவில்லை. தம்பிகளுக்கு இறங்கியது, ஆனால் அண்ணன் அழும்போது சாப்பிடுவது மரியாதையில்லை என்று அவன் மூக்கைச் சிந்துகிற நேரம் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் கொத்தனார் யேசுவடியானைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார், அதாவது நின்ற இடத்திலிருந்தே தலையைத் திருப்பினார். அவசரப்பட்டுச் சுவரில் கை வைக்க வேண்டாம் என்றார். எப்படிப்பட்ட அடுப்படி வேண்டுமோ அதை மொட்டை மாடியில் கோலமாவால் அதே அளவுக்கு வரையச் சொன்னார். உள்ளே நின்று, கைக்கு எல்லாம் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தரையை அடைக்காமல் சாமானையெல்லாம் சுவரில் மாட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருவதாகப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் மூவரும் மாடி ஏறினார்கள். தெய்வானை நின்று திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அவள் ஊரில் இல்லாததால் சொர்ணம் கையில் கரண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். கரண்டி வைரத்தின் கன்னத்தில் பட்ட இடம்வரை ஒரு சுவர், மாணிக்கத்தின் காதில் பட்ட இடம்வரை இன்னொரு சுவர் என்று முடிவானது. மேடை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வரைந்தார்கள். கரண்டியைச் சுவர்க்கோட்டின் மேல் மாட்டினார்கள். அது விழவே இல்லை. ஆணிகூட இல்லாமல் எப்படி நிற்கிறது பார் என்று மாணிக்கம் பூரித்துப்போனான். வைரம் கீழே போய் இட்லி மாவை எடுத்து வந்து ஃபிரிட்ஜில் வைத்தான். மூவரும் உள்ளே நிற்க, சொர்ணம் கடைசிக் கோட்டை இழுத்து முடித்தான்.

வெயில் ஏறியது. தாகமெடுத்த சொர்ணம் வெளியே போகக் காலை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணே, வாசல் வைக்கலையே."

மூவரும் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர்.

"இடிச்சிருவோமா?" என்றான் வைரம்.

"சுவத்துல கை வைக்கக் கூடாதுன்னு கொத்தனார் சொல்லிருக்காரு" என்றான் மாணிக்கம்.

"கால வைக்கலாமா?"

"இன்னொருத்தர் கட்டுன சுவத்துல கால வைக்கலாமால?"

"நாமதான கட்டுனோம்."

"அப்ப நம்ம உழைப்புல்லா" என்றான் மாணிக்கம். மூவரும் சுவரில் படாமல் நடுவில் ஒடுங்கி நின்றார்கள்.

உச்சி வெயிலில் இட்லி மாவு பொங்கி வழிந்தது. கரன்ட் போயிருக்கும் என்றான் வைரம். அந்த நேரம் பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் அந்த மாடியில் காயப் போட்டிருந்த வற்றலை எடுக்கத் தன் மாடியிலிருந்து தாண்டி வந்து, கோட்டை மிதித்து அடுப்படியின் குறுக்கே நடந்து போனாள். மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மனுஷி சுவருக்குள் புகுந்து வருகிறாள் என்றால் கொத்தனார் சொன்ன கலவையில் ஏதோ குறை என்று பேசி, மிச்சக் கோலமாவைப் போட்டுக் கோட்டைத் தடிமனாக்கினார்கள்.

சவரியம்மாள் உடனே தெய்வானைக்குப் போன் போட்டாள். உன் வீட்டு ஆம்பிளைகள் பட்டினியாக வெயிலில் நிற்கிறார்கள், கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னாள்.  தெய்வானைக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை; அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

வந்தவள் வெறுங்கையோடு எப்படி மேலே போவதென்று அடுப்படிக்குள் நுழைந்து உலை வைத்தாள். வெங்காயம் எடுக்கத் திரும்பினாள். எண்ணெய் எடுக்கத் திரும்பினாள். பிறகு ஒன்றும் எடுக்காமலே சும்மா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை. அதே ஃபிரிட்ஜ், அதே கிரைண்டர், அதே சுவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு அந்த அடுப்படியில் மூச்சு வந்தது.

சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். மாணிக்கம் அவளைப் பார்த்ததும் கண் கலங்கி, "வந்துட்டியா தெய்வானை? இடம் பத்துமா பாரு" என்றான். அவர்கள் வரைந்து வைத்திருந்ததை அவள் நெடுநேரம் பார்த்தாள். வாசல் இல்லாததையும் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள். பிறகு கோலமாவை எடுத்து ஒரு ஜன்னல் மட்டும் வரைந்து, அதன் வழியாகத் தட்டுகளை உள்ளே கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பக்கம் கோட்டைக் காலால் தேய்த்து வாசல் விட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. காலையில், இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள், அப்புறம் குறை சொல்லக் கூடாது என்று மூவரையும் மேலே அனுப்புவாள். ஒரு பக்கம் விட்டிருந்த வாசலைக் கோடு போட்டு அடைப்பாள். சமையல் முடிந்ததும் காலால் தேய்த்துத் திறப்பாள். யேசுவடியான் கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையுமாக வந்தபோது, வேலை முடிந்துவிட்டது என்றாள்.

"ஒரு செங்கல்கூட மாறலையேம்மா" என்றார் அவர்.

"சாமான மாத்தல அண்ணாச்சி. ஆள மாத்தி வச்சேன்."

யேசுவடியான் மாடியை அண்ணாந்து பார்த்தார். மூன்று தலைகள் தெரிந்தன. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு காலையில் மழை கொட்டியது. சுவர், மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் வெள்ளைத் தண்ணீராகிக் குழாய் வழியே தெருவுக்கு ஓடியது. தெய்வானைக்குச் சட்டியில் குழம்பு கொதித்ததைவிட மனசு அதிகம் கொதித்தது. இனி மூன்று பேரும் கீழே வந்துவிடுவார்களே, பழையபடி முழங்கையும் முதுகுமாகத்தானே நிற்க வேண்டும் என்று பதறி மாடிக்கு ஓடினாள். அவர்களோ நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்கள். கூரை ஒழுகுகிறது என்றான் சொர்ணம்.

அவள் இன்னொரு மழைவரை காத்திருக்கவில்லை. மழை விட்டுத் தரை காய்ந்ததும் கடைக்குப் போய் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கி வந்தாள். மூவரையும் நடுவில் நிறுத்திவிட்டு, சுற்றி நாலு பக்கமும் நல்ல தடிமனாக அடித்தாள். ஜன்னலுக்கு மட்டும் நீலம். பிரஷைக் கழுவிவிட்டு, பாட்டு முனகிக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

சொர்ணம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு அண்ணன் காதருகே வந்தான்.

"அண்ணே, மதினி வாசல மறந்துட்டாங்க."

"சத்தமாச் சொல்லாதல" என்றான் மாணிக்கம். "இவ்வளவு ஆசையா பெயின்ட் அடிச்சிருக்கா. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா."

"அதுவும் சரிதான்" என்றான் வைரம். "ஆனா யாரும் சுவத்துல சாஞ்சிராதீங்க. இன்னும் காயல."