கிவ் அப் பாடமும் மதகுச் சாவியும்

வேங்கைமலை ராஜா சேதுமாதவத் துரைக்கு ஐம்பதாவது வயதில் இங்கிலீஷ் ஆசை பிடித்துக்கொண்டது. அதுவரை கலெக்டர் வந்தால் 'எஸ், எஸ்' என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். போன தடவை கலெக்டர் யானையைக் காட்டி ஏதோ கேட்டார். ராஜா வழக்கம்போல 'எஸ்' என்றார். மறுநாள் யானை கலெக்டர் பங்களாவில் நின்றது. அதற்குப் பிறகுதான் தேவசகாயம் வாத்தியாரை வரவழைத்தார்கள்.

அன்றைய பாடம் 'கிவ் அப்'.

"கையில இருக்கிறதையோ பழக்கத்துல இருக்கிறதையோ விட்டுடறதுக்குப் பேரு கிவ் அப், மகாராஜா. இதை வெச்சு நோட்டுல பத்து வாக்கியம் எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் சாப்பிடப் போனார்.

ராஜா மூன்று எழுதினார். பொடி போடுவதை விட்டார், பகல் தூக்கத்தை விட்டார், சொக்கட்டானில் அழுகுணி ஆட்டத்தை விட்டார். மூன்றும் சுத்தப் பொய். அதற்கு மேல் விடுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த திவான் கனகசபாபதி குழைந்துகொண்டே சொன்னார்:

"ராஜா பெரிய ஏரி மதகுச் சாவியைத் திவானுக்கு கிவ் அப் செய்கிறார். இது எப்படி இருக்கு, மகாராஜா?"

"அடடே, நீளமா இருக்கே!" என்று ராஜா சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா கைப்பட எது எழுதினாலும், விளக்கு வைப்பதற்குள் முத்திரைக்காரர் வந்து முத்திரை குத்திவிடுவார். படிக்கமாட்டார். குத்திய பிறகு ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. இந்த ராஜாவின் பாட்டனார் ஒரே குதிரையை மூன்று பேருக்குத் தானம் கொடுத்து, மூன்று பேரும் அரண்மனை வாசலில் கயிற்றைப் பிடித்து இழுத்த நாளில் போட்ட சட்டம் அது. முத்திரைக்காரர் வந்தார். பாட நோட்டைப் பார்த்தார். வரிக்கு ஒன்றாக நாலு குத்து குத்திவிட்டுப் போனார்.

பொழுது விடிந்ததும் திவான் நோட்டைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஏரிக்குக் கீழே ஐந்து ஊரில் அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்கள். திவானின் கரும்புத் தோட்டமோ மேல்கால்வாயில் இருந்தது. கீழ்மதகு மூடிக்கொண்டது. இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் ஐந்து ஊர் நாற்றும் கருகிப்போகும்.

ராஜா சாத்தப்பரைக் கூப்பிட்டு அனுப்பினார். சாத்தப்பருக்கு உத்தியோகம் என்று ஒன்றும் கிடையாது. ராஜா சிரிக்க மறந்தால் ஞாபகப்படுத்துவார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து ஊர் நெல்லில்தான் அவர் வீட்டிலும் உலை கொதித்தது.

"என் பொடி டப்பாவையும் பிடுங்கிட்டுப் போயிட்டாங்கய்யா!" என்றார் ராஜா, அழாத குறையாக. "எழுதினதை நான் மாத்தவும் முடியாதே!"

"நீங்க மாத்த வேண்டாம், மகாராஜா. சாவியை வாங்கினவரே சபையில இது செல்லாதுன்னு சொல்லிட்டா?"

"அவனா? உயிர் போனாலும் சொல்லமாட்டான்."

"உயிர் எதுக்கு? வாத்தியார் பத்து வாக்கியம் கேட்டாரே. நாலுதானே ஆச்சு? வீட்டுப்பாடத்தைப் பாதியில விடலாமா? நோட்டை எடுங்க, நான் சொல்றேன்."

ராஜா ஆறு வாக்கியம் எழுதினார். பாதி எழுதும்போதே சிரிப்பில் குலுங்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் முத்திரைக்காரர் வந்தார், குத்தினார், போனார்.

மறுநாள் காலை திவான் காப்பி கேட்டார். வேலைக்காரர்கள் கை கட்டி நின்றார்கள். திவான் காப்பியை கிவ் அப் செய்துவிட்டாராம், அரண்மனை உத்தரவாம். பல்லக்கைக் கேட்டார். அதையும் கிவ் அப் செய்துவிட்டாராம். செருப்பு, குடை, சரிகைத் தலைப்பாகை என்று ஒவ்வொன்றாகப் போயின. வெறும் தலையோடு வெயிலில் நடந்து, பொசுங்கிய பாதத்தோடு திவான் சபைக்குள் வந்தார். அங்கே ஒரு முக்காலி போட்டிருந்தது. பக்கத்தில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தாவது வாக்கியம்," என்று சாத்தப்பர் நோட்டைப் பார்த்து வாசித்தார். "திவான் தம் மீசையை கிவ் அப் செய்கிறார்."

திவான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு சேவகர்கள் அவரை உட்காரவைத்தார்கள். அவர் இருபது வருஷமாக எண்ணெய் போட்டு வளர்த்த மீசை அது. இடப்பக்கம் முழுசாக மடியில் விழுந்தது.

"நிறுத்து! நிறுத்துய்யா!" என்று அலறினார் திவான். "இது வாத்தியார் குடுத்த பாடம்! இதெல்லாம் ஒரு உத்தரவா?"

"முத்திரை இருக்குதுங்களே" என்றார் சாத்தப்பர், ரொம்பப் பணிவாக.

"முத்திரை இருந்தா ஆச்சா? அந்த நோட்டுல ஒரு வரிகூடச் செல்லாது!"

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட!"

"நாலாவது வரியுமா?"

திவானின் கை இடுப்பில் இருந்த சாவியை இறுகப் பற்றியது. கத்தி மெல்ல வலப்பக்கம் வந்தது.

"அதுவும்தான்" என்று முனகினார் திவான். இடுப்பிலிருந்து மதகுச் சாவியை எடுத்துத் தரையில் வைத்தார்.

சாவியோடு ஓர் ஆள் ஏரிக்கு ஓடினான். ராஜா பொடி டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை இழுத்து, சபை அதிரத் தும்மினார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வழிந்தது. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பருக்குப் போட்டார்.

திவான் மட்டும் முக்காலியை விட்டு எழவில்லை. வலப்பக்க மீசையைக் கையால் மூடிக்கொண்டு நாவிதரிடம் கிசுகிசுத்தார்:

"இந்தப் பக்கத்தையும் எடுத்துடுப்பா. இப்படியே எப்படி வெளியே போறது?"

நாவிதர் சாத்தப்பரைப் பார்த்தார். சாத்தப்பர் நோட்டை மூடினார்.

"அது எப்படிங்க முடியும்? உத்தரவு செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மீதி மீசையைத் தொட அவருக்கு இனிமே அதிகாரமே கிடையாதுங்களே!"