சமணக் குன்றுக்குப் போன நாய்கள்

செம்பி என்ற பெட்டை நாயும் அதன் தம்பி மருதனும் ஒரு குன்றின் அடிவாரத்தில் வாழ்ந்தன. குன்றின் மேல் பாழடைந்த மடம் ஒன்று இருந்தது. எப்போதோ சமணத் துறவிகள் தங்கியிருந்த இடம். மண்டபம் இடிந்துவிட்டது. பின்னாலிருந்த குகையும், அதற்குள் துறவிகள் வெட்டிய கல் படுக்கைகளும்தான் மிச்சம்.

செம்பிக்கு எதற்கெடுத்தாலும் பயம். வெடிச் சத்தம் கேட்டால் வைக்கோல் போருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஊர் நாய்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அதனால், மடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மருதன் ஒரு நாள் காலையில் கூப்பிட்டபோது, மாட்டேன் என்று சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. உடன் கிளம்பியது.

கடலைக் காட்டைத் தாண்டும்வரை பயணம் சுகமாகத்தான் இருந்தது. ஓணானை விரட்டின. வாய்க்காலில் இறங்கி நனைந்தன. குன்றில் ஏற ஏறச் செம்பி அடிக்கடி நின்று காதைத் தீட்டிக்கொண்டது. ஓயாமல் கத்தும் மயில்கள் அன்று கத்தவில்லை. இலுப்பை மரத்தின் உச்சிக் கிளையில் குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஏன் கீழே இறங்கவில்லை என்று செம்பி கேட்டது. குரங்குகள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டன.

திரும்பிப் போய்விடலாம் என்று செம்பி மெல்லச் சொல்லிப் பார்த்தது. பயந்தாங்கொள்ளி என்று மருதன் சிரித்தது. செம்பி வாலை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தது.

உச்சிவெயிலில் மடத்தை அடைந்தன. குகை வாசலுக்கு எதிரே, சுடும் பாறைமேல், நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு நரி உட்கார்ந்திருந்தது. அது இரண்டையும் அன்பாக வரவேற்றது. உள்ளே வற்றாத சுனை இருக்கிறது, கல் படுக்கையில் படுத்தால் ஜில்லென்று இருக்கும், களைப்புத் தீர உறங்கிவிட்டுப் போங்கள் என்றது.

மருதன் வாசலை நோக்கி நடந்தது. செம்பிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. மறுபடியும் சிரிப்புக்கு ஆளாவதா என்று ஒரு கணம் தயங்கியது. பிறகு நரியிடம் கேட்டது:

"உள்ளே அவ்வளவு குளிர்ச்சி என்றால், நீ ஏன் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறாய்?"

நரியின் கண்கள் குகைப் பக்கம் ஓடித் திரும்பின.

"மருதா, எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே வா!" என்று அலறியது செம்பி.

அதற்குள் மருதன் முன்கால்களை உள்ளே வைத்துவிட்டது. செம்பி பாய்ந்துபோய் அதன் வாலைக் கவ்வி இழுத்தது. அந்த நொடியில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை அறைந்தது. மருதனின் காது கிழிந்தது. இரண்டும் சரிவில் உருண்டு புரண்டு ஓடின. சிறுத்தைக்கு இரையை அனுப்பிவைத்து, மிஞ்சியதைத் தின்று பிழைத்த நரி அது. இரை தப்பிய சிறுத்தை அதை விடவில்லை. பின்னால் நரியின் ஓலம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கடலைக் காட்டுக்கு வந்துதான் இரண்டும் மூச்சு விட்டன. ரத்தம் சொட்டச் சொட்ட மருதன் தலை குனிந்து நின்றது.

"அக்கா, ஏறும்போதே எனக்கும் பயமாகத்தான் இருந்தது" என்றது. "சொல்ல வெட்கமாக இருந்தது."

வெட்கப்பட்டுப் பயத்தை மறைப்பவர் ஆபத்துக்குள் தாமாகவே நடந்துபோவார். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிந்தவரோ தம்முடன் வந்தவரையும் காப்பாற்றுவார்.